கிரேசி குவில்ட் கட்டத்தில் தேயிலைச் சாய லேஸும் பாசிமணியும்

கிரேசி குவில்ட் கட்டம் என்பது அளவும் வடிவும் ஒன்றோடொன்று ஒவ்வாத துணித் துண்டுகளை ஓர் அடித்துணியின் மேல் ஒட்டுப்போட்டுத் தைத்த சதுரம். துண்டுகள் சேரும் கோடுகளைப் பூத்தையல் மறைக்கும். அதன் மேல் லேஸ், ரிப்பன், மணி, பொத்தான் ஆகியவை ஏறும். இத்தகைய சதுரம் ஒன்று தலையணை உறையின் முகப்பாகும். பலவற்றை இணைத்தால் சுவர்த் தொங்கலோ கட்டில் விரிப்போ ஆகும்.

1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் ஜப்பானியக் கலைப்பொருள்களும் லண்டன் ராயல் ஸ்கூல் ஆஃப் ஆர்ட் நீடில்வொர்க்கின் பூத்தையல்களும் இடம்பெற்றன. அவற்றின் தாக்கத்தால் அமெரிக்காவில் பரவிய இந்த வேலைப்பாடு 1880களில் உச்சத்தைத் தொட்டது. அன்றைய கிரேசி குவில்ட்களில் பெரும்பாலும் உள்ளே பஞ்சு வைக்கவில்லை. குளிருக்குப் போர்த்துவதைவிட வரவேற்பறையில் விரித்துக் காட்டுவதற்கே அவை தைக்கப்பட்டன. மணியும் லேஸும் அவற்றில் தாராளமாக இடம்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டமும் 1933இல் தொடங்கப்பட்ட பாரத் தோட்டமும் தரும் தேயிலை, லேஸுக்குப் பழுப்புச் சாயம். தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் கிடக்கும் கிழிந்த பட்டுச்சேலை, சுங்குடிச் சேலை, ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஆகியவற்றோடு உள்ளூரில் புழங்கும் பாத்தேக், சொங்கேட் துணி, கெபாயாச் சட்டை விளிம்பு ஆகியவையும் சேர்ந்தால் துணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மலையின் குளிரும் ஈரமும் சாயமிடுதல், உலர்த்தல், சேமித்தல் ஆகிய மூன்று நிலைகளிலும் குறுக்கிடும். சமவெளிக்கு எழுதிய செய்முறையை அப்படியே பின்பற்றினால் சாயம் வெளிறும், துணி பூஞ்சை பிடிக்கும், குண்டூசி கறை போடும். கீழே உள்ள முறைகள் 12 அங்குலக் கட்டம் ஒன்றை மலைச் சூழலில் முடிப்பதற்கானவை.

வேலை வரிசை

துண்டுகளின் வடிவில் ஒழுங்கு இல்லாவிட்டாலும் வேலையின் வரிசையில் ஒழுங்கு தவறக் கூடாது. வரிசை இது:

1. லேஸுக்குச் சாயமிட்டு முழுமையாக உலர்த்துதல்
2. துணித் துண்டுகளை அடித்துணியில் ஒட்டுப்போடுதல். இணைப்புக்குள் நுழையும் லேஸை அப்போதே வைத்துத் தைத்தல்
3. கட்டத்துக்கு இஸ்திரி போடுதல்
4. மேலே அமரும் லேஸைத் தைத்தல்
5. இணைப்புக் கோடுகளில் பூத்தையல்
6. ரிப்பன், பூவேலை
7. பாசிமணி
8. தொங்கல் மணி, பெரிய பொத்தான்

மணி தைத்த கட்டத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்க முடியாது. அதனால் முகப்பின் இஸ்திரி வேலை மணிக்கு முன்பே முடிய வேண்டும். மணியை முன்கூட்டித் தைத்துவிட்டால் பூத்தையலின் நூல் ஒவ்வொரு இழுப்புக்கும் மணியில் சிக்கும். எனவே மணி கடைசியில்தான்.

கட்டத்தைத் தயார் செய்தல்

அடித்துணியாகத் துவைத்துச் சுருங்கவிட்ட காடாத்துணி அல்லது பழைய பருத்தி வேட்டி போதும். முடிந்த அளவு 12 அங்குலம் என்றால் அடித்துணியை 14 அங்குலமாக வெட்ட வேண்டும். பூத்தையல் போடப் போடத் துணி சற்றே உள்வாங்கும். கூடுதல் துணி அதை ஈடுகட்டும். முடித்தபின் அளந்து வெட்டிக்கொள்ளலாம்.

நடுவில் ஐந்து பக்கமுள்ள துண்டு ஒன்றை வைத்து, அதன் ஒரு பக்கத்தின் மேல் அடுத்த துண்டை நல்ல முகம் உள்ளே இருக்கும்படி கவிழ்த்துத் தைத்து, திருப்பி அழுத்தி, இப்படியே சுற்றிச் சுற்றிச் செல்வது எளிய முறை. ஒரு கட்டத்துக்கு ஏழு முதல் பத்துத் துண்டுகள் போதும். அதற்கு மேல் போனால் லேஸுக்கும் மணிக்கும் இடம் இருக்காது. துண்டுகளில் பாதிக்கு மேல் பூவோ கோடோ இல்லாத ஒற்றை நிறத் துணியாக இருக்க வேண்டும். பூப்போட்ட பாத்தேக்கின் மேல் தைத்த லேஸ் கண்ணுக்குத் தெரியாது. அரக்கு நிறப் பட்டின் மேலோ கரும்பச்சை வெல்வெட்டின் மேலோ தைத்தால் அதன் ஒவ்வொரு துளையும் தெரியும்.

பட்டுச்சேலையின் மடிப்பு விழுந்த இடங்களில் இழை ஏற்கெனவே அறுந்திருக்கலாம். துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நலிந்த பகுதியைத் தவிர்க்க வேண்டும். மெல்லிய பட்டுக்குப் பின்புறம் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கான்வாஸ் கொடுத்தால் மணியின் எடையைத் தாங்கும். ஜரிகைக் கரையுள்ள துண்டை இணைப்புக்குள் மறைத்துவிடாமல் கரை தெரியும்படி வைத்தால் அதுவே ரிப்பனின் வேலையைச் செய்துவிடும்.

லேஸின் இழையை அறிதல்

எல்லா லேஸும் தேயிலைச் சாயத்தை ஏற்காது. கடையில் பருத்தி என்று சொல்லி விற்பதிலும் பாலியெஸ்டர் கலந்திருக்கலாம். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்து எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி இழை தாள் எரியும் வாசத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு எரியும். நெருப்பை விலக்கினால் அணைந்துபோகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிச் சுருண்டு கெட்டியான உருண்டையாகும்.

பருத்தியும் பட்டும் தேயிலைச் சாயத்தை நன்றாக வாங்கும். நைலான் ஓரளவு வாங்கும். பாலியெஸ்டர் ஏறக்குறைய வாங்காது. இரண்டு முறை அலசினால் பழைய வெள்ளைக்கே திரும்பிவிடும். கையால் பின்னிய பருத்திக் குரோஷே ஓரம், கதர் மேசைவிரிப்பிலிருந்து பிரித்த லேஸ், கெபாயாவின் பருத்தி வாயில் விளிம்பு ஆகியவை சாயத்துக்கு மிக ஏற்றவை.

புதிய லேஸில் கஞ்சியும் மென்மையாக்கியும் படிந்திருக்கும். அவற்றை நீக்காமல் சாயத்தில் போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். வெந்நீரில் சிறிது சலவைச் சோப்பு கரைத்து அரைமணி நேரம் ஊறவிட்டு, சோப்பு முழுதும் போகும்வரை அலச வேண்டும். நீளமான லேஸைத் தளர்வாகச் சுருட்டி இரண்டு மூன்று இடங்களில் நூலால் கட்டிக்கொண்டால் சிக்கல் விழாது.

தேயிலைச் சாயம்

பறித்த கொழுந்தைக் கொதிக்க வைத்தால் எதிர்பார்க்கும் பழுப்பு நிறம் வராது. ஆலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொறுக்கிக் காற்றுப்பட வைக்கும்போதுதான் அதிலுள்ள பொருள்கள் தியாஃபிளேவின், தியாருபிஜின் என்னும் செம்பழுப்பு நிறமிகளாக மாறுகின்றன. எனவே சாயத்துக்குக் கறுப்புத் தேயிலையே வேண்டும். அதிலும் தூள் தேயிலை விரைவாக நிறம் விடும்; இலைத் தேயிலைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். பச்சைத் தேயிலை வெளிறிய சாம்பல் கலந்த மஞ்சளைத் தரும்; சிவப்புச் சாயலை விரும்பாதவர்களுக்கு அது பயன்படும். குடிக்க உதவாத பழைய தூளும் சாயத்துக்கு உதவும். பால், சர்க்கரை கலந்தது மட்டும் ஆகாது.

ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தொடக்க அளவுகள்:

- தந்த நிறம்: 5 கிராம் தூள், லேஸ் ஊறும் நேரம் 10 நிமிடம்
- வெளிர் பழுப்பு: 10 முதல் 15 கிராம், அரைமணி நேரம்
- அடர் பழுப்பு: 30 கிராம், இரண்டு மணி நேரம் முதல் ஓர் இரவு வரை

சாதாரணத் தேயிலைப் பை ஒன்றில் ஏறத்தாழ 2 கிராம் தூள் இருக்கும் என்ற கணக்கில் பைகளையும் பயன்படுத்தலாம். தேயிலைக்குத் தேயிலையும் லேஸுக்கு லேஸும் மாறுபடுவதால், முதலில் விரல் நீளத் துண்டு ஒன்றைத் தோய்த்து உலர்த்திப் பார்த்துவிட்டே முழு லேஸையும் போட வேண்டும்.

செய்முறை எளிது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, தூளைப் போட்டு, மூடி வைக்க வேண்டும். கேமரன் மலையின் தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்; பாத்திரமும் விரைவில் ஆறும். எனவே சமவெளியில் பத்து நிமிடம் என்றால் மலையில் பதினைந்து நிமிடம் விட்டு, அடுப்பில் சிறுதீயில் வைத்திருப்பது நல்லது. பிறகு மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு துளி தூள் லேஸின் துளையில் தங்கினாலும் அந்த இடத்தில் கரும்புள்ளி விழும்.

லேஸைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பிறகே சாயத்தில் இறக்க வேண்டும். உலர்ந்த லேஸ் முதலில் தொட்ட இடத்தில் மட்டும் சாயத்தை உறிஞ்சிக் கோடு போடும். சாயத்தில் லேஸ் தாராளமாக மிதக்க இடம் வேண்டும். மரக்கரண்டியால் அவ்வப்போது புரட்ட வேண்டும். பட்டு லேஸ் என்றால் சாயம் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் போட வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒரு படி வெளிறும். ஆகவே வேண்டியதைவிடச் சற்று அடர்ந்த நிறம் வந்ததும் எடுப்பதே கணக்கு.

ஒரே லேஸில் பல படி நிறம் வேண்டுமானால் முழுவதையும் ஐந்து நிமிடம் தோய்த்து, கால்பகுதியை வெளியே எடுத்துப் பாத்திரத்தின் விளிம்பில் தொங்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலும் கால்பகுதியை எடுத்துக்கொண்டே போகலாம். கசக்கிச் சுருட்டி நூலால் கட்டித் தோய்த்தால் பழைய லேஸில் காலம் ஏற்றிய கறை போலத் திட்டுகள் கிடைக்கும்.

படிகாரமும் இரும்பும்

உப்பும் காடியும் தேயிலைச் சாயத்தை நிலைக்கச் செய்யும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பருத்தியில் அவற்றால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. பயன் தருவது படிகாரம். தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானின் முதலில் இழையில் படியும். அதன்மேல் படிகாரத்தின் அலுமினியம் சேர்ந்து இறுகும். 50 கிராம் லேஸுக்கு 5 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, சாயத்திலிருந்து எடுத்த லேஸை அரைமணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலச வேண்டும். டானினையும் உலோக உப்பையும் இப்படி இணைப்பது தென்னிந்தியச் சாயக்காரர்களுக்குப் பழைய வித்தை. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியில் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவிட்ட பிறகே எழுதுகிறார்கள். கடுக்காயின் டானின் மேல், துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் புளித்த கரைசலால் எழுதும் கோடு கறுத்து நிற்கிறது.

தேயிலைச் சாய லேஸையும் இரும்பு அப்படியே கறுக்கச் செய்யும். பழுப்பு லேஸைச் சாம்பல் நிறமாக்க விரும்பினால் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் சில நிமிடம் தோய்க்கலாம். ஆனால் இரும்பும் டானினும் சேர்ந்த கறுப்பு காலப்போக்கில் இழையை அரித்து உதிரச் செய்யும். நெடுநாள் வைத்திருக்க வேண்டிய வேலையில் இதைத் தவிர்ப்பதே நல்லது. 1880களின் கிரேசி குவில்ட்கள் பலவற்றில் பட்டு கோடு கோடாக வெடித்துக் கிடப்பதற்கும், அன்றைய ஆலைகள் பட்டின் எடையைக் கூட்ட ஏற்றிய தகரம் முதலிய உலோக உப்புகளே பெரிய காரணம்.

விரும்பாமலே இரும்பு உள்ளே வரும் வழியும் உண்டு. மலையின் ஈரக் காற்றில் சாதாரணக் குண்டூசி விரைவில் துருப்பிடிக்கும். தேயிலைச் சாய லேஸில் அதைக் குத்தி ஓரிரு நாள் விட்டால், துருவும் டானினும் சேர்ந்து கழுவினாலும் போகாத கரும்புள்ளி விழும். துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளைக் குண்டூசியே பயன்படுத்த வேண்டும். அன்றைய வேலை முடிந்ததும் ஊசி, குண்டூசி எதையும் துணியில் விடக் கூடாது. சாயத்துக்கும் எவர்சில்வர் அல்லது விளிம்பு உடையாத எனாமல் பாத்திரம் வேண்டும். இரும்பு வாணலி ஆகாது.

பிற சாயங்கள்

பழுப்பல்லாத நிறம் வேண்டும்போது சமையலறைப் பொருள்களில் எல்லாமே நம்பத்தக்கவை அல்ல. மஞ்சள் உடனே பளிச்சென்று பிடிக்கும், வெயிலில் வெளிறிவிடும். சங்குப்பூவின் நீலமும் பீட்ரூட்டின் சிவப்பும் நிலைக்காது. படிகாரத்தில் ஊறிய லேஸை வெங்காயத் தோலில் தோய்த்தால் கிடைக்கும் பொன்னிறம் இவற்றைவிட நன்றாக நிற்கும்.

பச்சை, நீலம், ஊதா போன்ற நிலையான நிறங்களுக்குப் பருத்தி லேஸில் இழையோடு வேதிவினை புரியும் குளிர்நீர்ச் சாயங்கள் ஏற்றவை. இவ்வகையில் முதலாவதான புரோசியான் சாயத்தை ஐ.சி.ஐ. நிறுவனம் 1956இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குளிர்நீர்ச் சாயம் என்ற பெயரை நம்பி மலையில் அதை அறைச் சூட்டில் விட்டுவிடக் கூடாது. இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும் குளிரில் வினை மந்தமாகி நிறம் அரைகுறையாகும். சாயப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, 25 டிகிரிக்குக் குறையாமல் சில மணி நேரம் காக்க வேண்டும். நைலான், பட்டு லேஸுக்குக் காடி சேர்த்துச் சூடாக்கும் அமிலச் சாயம் பொருந்தும். பாலியெஸ்டர் லேஸ்தான் இருக்கிறது என்றால், துணிக்கான அக்ரிலிக் வண்ணத்தில் தண்ணீர் கலந்து பூசிவிடுவது எளிது. சாயத் தூளைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் வேண்டும். அந்தப் பாத்திரங்களைப் பிறகு சமையலுக்கு எடுக்கக் கூடாது.

உலர்த்தல்

அலசிய லேஸைப் பிழியாமல், பழைய துவாலையில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் பெரும்பகுதி ஈரம் போய்விடும். பிறகு வெள்ளைத் துணியின் மேல் படுக்கவைத்து, வளைவுகளை விரலால் இழுத்து நேராக்கி நிழலில் உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் சாயம் கீழே இறங்கி அடிவிளிம்பில் தேங்கும். மேகம் சூழ்ந்த நாளில் லேஸ் இரண்டு நாளானாலும் காயாது. மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வரும். அத்தகைய நாளில் மின்விசிறிக்கு எதிரே உலர்த்தி, கடைசியில் மெல்லிய துணி போர்த்தி மிதச்சூட்டில் இஸ்திரி போட்டு ஈரத்தை முற்றிலும் போக்க வேண்டும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியக் கூடாது.

லேஸைப் பொருத்துதல்

லேஸின் வெட்டு முனைதான் வேலையின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும். முனை இரண்டும் இணைப்புக்குள் மறைய வேண்டும். அதற்காகவே துண்டுகளை ஒட்டும்போதே லேஸை இடையில் வைத்துத் தைப்பது நல்லது. பிறகு சேர்க்கும் லேஸின் முனையை உள்மடித்து, அதன்மேல் ரிப்பனோ பொத்தானோ வரும்படி திட்டமிட வேண்டும்.

ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் அலையாகவும் உள்ள லேஸில், நேர் விளிம்பை மட்டும் லேஸின் நிறத்து நூலால் சிறு தையலில் பிடித்தால் போதும். அலை விளிம்பின் நுனிகளைப் பிறகு மணி பிடித்துக்கொள்ளும். வளைவான கோட்டில் செல்லும்போது நேர் விளிம்பில் ஓட்டுத் தையல் ஓட்டிச் சற்றே சுருக்கினால் லேஸ் வளைந்து கொடுக்கும். கனமான பூ லேஸிலிருந்து ஒற்றைப் பூவை மட்டும் வெட்டி எடுத்துத் துண்டின் நடுவில் பதிக்கலாம். அகலமான மெல்லிய லேஸை ஒரு துண்டு முழுவதன் மேலும் போர்த்தி, நான்கு ஓரமும் இணைப்புக்குள் போகும்படி தைத்தால் அடியிலுள்ள பட்டின் நிறம் தணிந்து தெரியும். கண்ணைக் குத்தும் நிறமுள்ள சேலைத் துண்டுக்கு இது நல்ல மருந்து.

பூத்தையல்

இணைப்புக் கோடுகளுக்கு இறகுத் தையல், ஹெர்ரிங்போன் தையல், சங்கிலித் தையல், பிளாங்கெட் தையல், கிரீட்டன் தையல் ஆகியவை வழக்கம். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் இரண்டு அல்லது மூன்று இழை போதும். மணி வரப்போகும் தையலைச் சற்று அகலமாகப் போட வேண்டும். இறகுத் தையலின் கிளைகள் நெருங்கிக் கிடந்தால் நுனியில் மணிக்கு இடம் இராது. ஒரு கட்டத்தில் நான்கு வகைத் தையலுக்கு மேல் வேண்டாம். அவற்றையே நிறம் மாற்றியும் மணி மாற்றியும் போட்டால் வேறுபாடு தானே கிடைக்கும்.

மணியைத் தேர்தல்

கண்ணாடிப் பாசிமணியின் அளவை எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக் கூட மணி சிறுக்கும். 8ஆம் எண் மணி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், 11ஆம் எண் 2 மில்லிமீட்டர், 15ஆம் எண் 1.5 மில்லிமீட்டர். கட்டத்தின் பெரும்பகுதி வேலைக்கு 11ஆம் எண் பொருந்தும். பூவின் நடுவுக்கும் நுண்கோட்டுக்கும் 15, லேஸ் நுனிக்கும் தொங்கலுக்கும் 8. மியூக்கி, டோஹோ போன்ற ஜப்பானிய மணிகள் அளவு மாறாமல் வரும். மலிவான மணியில் பத்துக்கு இரண்டு கோணலாக இருக்கும். அவற்றைத் தட்டிலேயே கழித்துவிட வேண்டும்.

நிறம் பூசிய மணிகளில் சாயம் போகும். நாலைந்து மணியைச் சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, ஈரத் துணியில் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குழல் மணியின் வாய் கூரானது, நூலை அறுக்கும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு பாசிமணி சேர்த்துக் கோக்க வேண்டும். பிளாஸ்டிக் முத்தும் சம்கியும் சூட்டில் உருகும் என்பதால் இஸ்திரி அருகே வரக் கூடாது.

ஊசிக்கு 10ஆம் எண் மணி ஊசி. 15ஆம் எண் மணிக்கு 12ஆம் எண் ஊசி. நூல் பாலியெஸ்டர் அல்லது நைலானாக இருக்க வேண்டும். பருத்தி நூல் மணியின் வாயில் தேய்ந்து அறுந்துபோகும். 45 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் எடுத்தால் முறுக்கிக்கொள்ளும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் அடங்கும்.

மணி தைத்தல்

துணி விறைப்பாக நிற்க வேண்டும். மலாக்கா, பினாங்கு பெரானாக்கான் சமூகப் பெண்கள் கசூத் மானேக் என்னும் மணிச் செருப்புக்கான முகப்பைத் தைக்கும்போது துணியை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டியே வேலை செய்தார்கள். தளர்ந்த துணியில் தைத்த மணி, துணி நேரானதும் தொங்கி ஆடும். கட்டத்துக்கு எம்ப்ராய்டரி வளையத்தைவிடச் சதுரச் சட்டம் நல்லது. ஏற்கெனவே தைத்த லேஸை வளையம் நசுக்கும்.

ஒற்றை மணி. ஊசியை மேலே எடுத்து, மணியைக் கோத்து, மணியின் அகலத்துக்கே தள்ளி இறக்க வேண்டும். இரண்டாம் முறையும் அதே மணிக்குள் நூல் சென்றால் அசையாது. இறகுத் தையலின் கிளை நுனி, ஹெர்ரிங்போன் குறுக்கே வெட்டும் இடம், லேஸின் ஒவ்வொரு வளைவு நுனி ஆகியவை இதற்கான இடங்கள்.

பின்தையல் வரிசை. நான்கு மணியைக் கோத்துக் கோட்டின் மேல் படுக்கவைத்து, நான்காவதை ஒட்டி ஊசியை இறக்க வேண்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மேலே எடுத்து, மூன்றாவது, நான்காவது மணிகளுக்குள் மீண்டும் நூலைச் செலுத்தி, அடுத்த நான்கைக் கோக்க வேண்டும். தண்டு, கொடி, வளைகோடு எல்லாம் இந்த முறையில்தான் சீராக வரும்.

சம்கியும் மணியும். சம்கியின் துளை வழியே மேலே வந்து, ஒரு சிறு மணியைக் கோத்து, அதே துளை வழியே கீழே இறங்கினால் மணியே சம்கியைப் பூட்டிவிடும்.

தொங்கல். ஆறு முதல் எட்டு மணி கோத்து, கடைசி மணியை விட்டு மற்றவற்றின் வழியே திரும்பி வந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்க வேண்டும். சுவரில் தொங்கும் வேலைக்கு மட்டுமே இது. தலையணையிலும் போர்வையிலும் தொங்கல் சிக்கி அறும்.

ஐந்தாறு மணிக்கு ஒருமுறை பின்புறம் சிறு முடிச்சுப் போட வேண்டும். அப்போது ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் வரிசை முழுவதும் கொட்டாது. பின்புறத்தில் நூலை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தாவவிடாமல், அங்கே முடித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். கட்டத்தின் வெட்டுக்கோட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் மணி வரவே கூடாது. கட்டங்களை இணைக்கும்போது தையல் இயந்திரத்தின் பாதம் மணியில் ஏறினால் ஊசி முறியும். ஓர மணிகளை இணைத்த பின் தைக்கலாம்.

மாதிரிக் கட்டம்: தேயிலைச் சரிவு

கட்டத்தின் கீழ்ப்பாதியில் கரும்பச்சை, இளம்பச்சைத் துண்டுகளைச் சாய்வாக அடுக்கி, மேற்பாதியில் சாம்பல், வெளிர் நீலப் பட்டுகளை வைக்க வேண்டும். பச்சைத் துண்டுகளின் மேல், சரிவைச் சுற்றி வளைந்து செல்லும் தேயிலை நிரைகளைப் போல இணைகோடுகளாகச் சங்கிலித் தையல் ஓட்டி, ஒன்றுவிட்டு ஒன்றில் 11ஆம் எண் பச்சை மணியைப் பின்தையலில் அமர்த்த வேண்டும். இரண்டு மூன்று பச்சைகளைக் கலந்து கோத்தால் நிரை தட்டையாகத் தெரியாது. மேலும் கீழும் சேரும் இடத்தில், மிக இலேசாகத் தேயிலையில் தோய்த்த மெல்லிய லேஸைக் கிடையாகப் படரவிட்டால் பனிமூட்டம் தயார். அதில் மணி வேண்டாம்.

ஒரு மூலையில் இரு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து ஒன்றைத் தைத்து, இலை நடுநரம்புக்கு மட்டும் 15ஆம் எண் மணி சேர்க்கலாம். தேயிலைப் பூ வெண்ணிற இதழ்களும் நடுவில் கொத்தாக மஞ்சள் மகரந்தத் தாள்களும் கொண்டது. சாயமிடாத லேஸிலிருந்து வெட்டிய ஐந்து இதழ்களைச் சுற்றி வைத்து, நடுவை மஞ்சள் 15ஆம் எண் மணியால் நெருக்கி நிரப்பினால் பூ கிடைக்கும். அடர் பழுப்பு லேஸைக் கீழ் இணைப்பில் வைத்து, அதன் நுனிகளில் செம்பு நிற 8ஆம் எண் மணி தைத்தால் கட்டத்தின் கனம் அடியில் தங்கும். குறைந்தது இரண்டு துண்டுகளாவது அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறுமையாக இருக்க வேண்டும்; எல்லா இடமும் மின்னினால் எதுவும் தெரியாது.

முடித்தலும் பாதுகாத்தலும்

பிளாஸ்டிக் முத்தோ சம்கியோ இல்லையென்றால், முடிந்த கட்டத்தைத் தடித்த துவாலையின் மேல் முகம் கீழாக வைத்து, பின்புறம் மிதச்சூட்டில் நீராவி இல்லாமல் அழுத்த வேண்டும். பின்னே பருத்தித் துணி கொடுத்து, அங்கங்கே மணிகளுக்கு இடையே முடிச்சுப் போட்டு இரண்டையும் பிடிக்க வேண்டும். முழுத் தையல் ஓட்டத் தேவையில்லை. தவழும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் மணி வைத்த விரிப்பைப் போடக் கூடாது.

மணியும் பட்டும் சேர்ந்த கட்டத்தை முழுதாகத் துவைக்க முடியாது. தூசியை மென்தூரிகையால் தட்டி, கறையை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காரம் மிகுந்த சலவைத் தூள் தேயிலை நிறத்தைக் கறுக்கச் செய்யும். எலுமிச்சை வெளிறச் செய்யும். குளோரின் வெளுப்பி அடியோடு அழித்துவிடும். மூன்றுமே ஆகாது. நேர் வெயில் படும் சுவரும் ஆகாது.

சேமிக்கும்போது மடிக்காமல், முகம் வெளியே வரும்படி பருத்தித் துணியோடு சேர்த்து உருளையில் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் மலையின் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சையும் ஜரிகைக் கறுப்பும் வரும். பருத்தி உறையில் போட்டு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, ஈரம் குறைந்த நாள்களில் வெளியே எடுத்துக் காற்றாட விடுவது போதும். அந்துருண்டை பிளாஸ்டிக் மணியைத் தொடக் கூடாது. பின்துணியின் மூலையில் ஆண்டு, லேஸின் இழை, சாயமிட்ட முறை ஆகிய மூன்றையும் அழியாத மையில் எழுதித் தைத்துவிட வேண்டும். பின்னாளில் அதைச் சுத்தம் செய்பவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் முதலில் தேவைப்படும் தகவல் அதுதான்.